கப்பல் பெட்டியில் மைக்ரோவேவ் வேண்டாம்

தருமபுரம்,
மாசி மாதம்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. உடனே பதில் போடாததற்கு அருவிவெட்டுத்தான் காரணம். வெட்டுகிற மெஷின் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று வரம்பிலேயே காவல் கிடந்தேன். இரவில் யானை வேறு. ஒருமாதிரி நெல் வீடு வந்து சேர்ந்துவிட்டது. விலையை மட்டும் கேளாதே.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஸ்காபரோவில் வீடு மாறுகிறாய், நல்ல மைக்ரோவேவ் ஒன்று கிடக்கிறது, கப்பல் பெட்டியில் போடவா என்று கேட்டிருந்தாய். போடாதே. உங்கள் கனடாக் கரண்ட் 120 வோல்ட், இலங்கையில் எங்களுடையது 230. ட்ரான்ஸ்போமர் வைத்துக் குறைக்கலாமே என்பாய். வோல்ட்டைக் குறைக்கலாம் மச்சான், சைக்கிளை, அதுதான் கரண்ட் ஒரு செக்கனில் முன்னும் பின்னும் அடிக்கிற தடவையை, மாற்ற முடியாது. உங்களுக்கு 60, எங்களுக்கு 50. மைக்ரோவேவுக்குள் இருக்கிற பெரிய ட்ரான்ஸ்போமரை 60-க்கென்று சுற்றியிருப்பார்கள். 50-இல் ஓடவிட்டால் சூடேறியே செத்துப்போகும். லண்டனில் இருக்கிற உன் தம்பி அனுப்பினால் அது வேறு கதை, அங்கேயும் கரண்ட் எங்களுடையதைப் போலத்தான்.

எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தாயிற்று. தைப்பொங்கலுக்கு மூத்தவள் வாங்கித் தந்தாள். ஜாம் போத்தல் விளக்கில் படித்த நாங்கள் இப்போது பொத்தானை அமத்திச் சொதி சுடவைக்கிறோம்! சைக்கிளைக் கவிழ்த்துவைத்து நீ டைனமோ சுற்ற, நான் ரேடியோவில் செய்தி கேட்டது ஞாபகமிருக்கிறதா? உனக்குக் கை சோர்ந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் இறங்கிவிடும்.

வந்த அன்றே மகள் அதைப் பிறிஜ் ஓடுகிற மல்டி பிளக்கில் செருகப் பார்த்தாள். பிடுங்கி வைத்துவிட்டேன். பெட்டியில் 800 வாட் என்றிருக்கிறது. அது சாப்பாட்டுக்குப் போகிற சூடு. சுவரிலிருந்து இழுப்பது 1200 வரும். எங்கள் பழைய 5 அம்பியர் பிளக் அதற்குத் தாங்காது. தனி லைன் இழுத்து, எர்த் கம்பியையும் புதிதாக அடித்தேன். ஆடி ஆவணியில் இந்த மண் காய்ந்து வெடித்தால் எர்த் சரியாகப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியுந்தானே. கம்பியடியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றவேண்டிவரும்.

இவ்வளவு பார்த்தும் சூடு வாங்கியது என் மனுசி. தேத்தண்ணிக்கு ஒரு புதுப் பீங்கான் கப்பில் தண்ணீர் வைத்தாள். இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் ஒரு குமிழிகூட இல்லை. சுடவில்லையாக்கும் என்று இன்னும் இரண்டு நிமிடம் விட்டாள். அப்போதும் தண்ணீர் குளம்போல அசையாமல் கிடந்தது. வெளியே எடுத்து ஒரு கரண்டி தேயிலை போட்டாள், அவ்வளவுதான். கப்பில் இருந்த தண்ணீரில் பாதி சீறிக்கொண்டு மேலே வந்து புறங்கையில் கொட்டியது. அடுப்பில் கேத்தல் வைத்தால் அடியிலிருந்து குமிழி கிளம்பும். வழுவழுப்பான கப்பில் குமிழி பிறக்க இடமில்லாததால் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் சத்தமில்லாமல் இருந்துவிடும். கரண்டியோ தேயிலையோ பட்டவுடன் ஒரேயடியாகக் கொதித்துப் பாயும். பற்பசை பூசப் போனவளைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய் 20 நிமிடம் கையில் தண்ணீர் ஓடவிட்டேன். அந்த 20 நிமிடமும் ஏச்சு எனக்குத்தான். இப்போது கப்புக்குள் ஒரு மரக்கரண்டியைப் போட்டுத்தான் தண்ணீர் வைக்கிறாள். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் விட்டுத்தான் கதவைத் திறக்கிறாள்.

அப்புறம் மருமகன். கடையில் வாங்கிய கொத்துரொட்டிப் பார்சலை, சுற்றியிருந்த பொலித்தீன் லஞ்ச் சீற்றோடு, அதில் அடித்த ஸ்டேப்ளர் பின்னோடு, அப்படியே உள்ளே வைத்தார். வெல்டிங் கடைபோலப் பொறி பறந்தது. பின் சின்னதென்றாலும் இரும்புதானே. அந்தச் சீற்றும் சூட்டுக்கு ஆனதில்லை. பேரன் அவித்த முட்டையை வைத்து வெடிக்கப் பண்ணியது தனிக்கதை, சுவரில் இன்னும் மஞ்சள் இருக்கிறது. பழைய மீன்குழம்புக்கு இன்னொரு குணம்: ஓரம் கொதிக்கும், நடு குளிர்ந்து கிடக்கும். அலை ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலத்துக்கு மேல் உள்ளே போகாது. பாதியில் எடுத்துக் கிளறி, திரும்ப வைத்து, முழுக்க ஆவி பறந்தால்தான் நான் தொடுவேன்.

பக்கத்து வீட்டு அக்கா, கதிர் பட்டால் புற்றுநோய் வரும் என்று குசினிப் பக்கமே வருவதில்லை. இது ரேடியோ அலையின் சொந்தக்காரன், எக்ஸ்ரே இல்லை, கதவைத் திறந்ததும் நின்றுவிடும், சாப்பாட்டில் ஒன்றும் தங்காது என்று சொல்லிப் பார்த்தேன். ராடருக்குச் செய்த குழாயிலிருந்து வந்த சாமான் இது, 1945-இல் பெர்சி ஸ்பென்சர் என்ற அமெரிக்கர் ராடர் வேலையில் நிற்கும்போது பையில் இருந்த சாக்லேட் உருகித்தான் கண்டுபிடித்தாராம் என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ராடர் என்றால் எங்கள் சனத்துக்குச் சண்டைக் காலமல்லவா ஞாபகம் வரும்? கதவு வளைந்தாலோ கொளுக்கி உடைந்தாலோ பாவிக்கக் கூடாது என்ற அளவில் மட்டும் அவரும் நானும் ஒத்துப்போகிறோம்.

போன கிழமை ஒரு பெடியன் பழுதான மைக்ரோவேவ் ஒன்றைத் தூக்கிவந்தான். லைட் எரிகிறது, சூடு இல்லை, கழற்றிப் பாருங்கள் அண்ணை என்றான். முப்பது வருசம் வயரிங் செய்தவன் நான், ஆனாலும் கை வைக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற கப்பாசிற்றரில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கலாம். அதற்கென்று பழகினவனிடம் கொண்டுபோ என்று அனுப்பிவிட்டேன். பயந்துவிட்டேன் என்று சந்தியில் சொல்லித் திரிகிறானாம். சொல்லட்டும்.

கப்பல் பெட்டியில் மைக்ரோவேவுக்கு ஒதுக்கின இடம் சும்மாதானே கிடக்கும். மனுசியின் முழங்காலுக்குப் பூசுகிற அந்தப் பச்சை மூடி மருந்தில் நாலைந்து போடு. நீ ஆனியளவில் வந்தால் பாலைப்பழம் கிடைக்கும்.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி