வந்தவர்கள் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கத்தோலிக்கத் துறவற சபையான அமலமரித் தியாகிகள் சபை பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 1816இல் பிரான்சின் எக்ஸ் நகரில் சபையைத் தொடங்கிய புனித யூஜின் டி மசனோட், 1841இல் கனடாவுக்கும் 1847இல் இலங்கைக்கும் தம் துறவிகளை அனுப்பிய வரலாறு நன்றாகவே சொல்லப்பட்டிருந்தது. ஆனால் யாழ்ப்பாணம் என்று வந்ததும் வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே ஆயராயிருந்த செமேரியா ஆண்டகையோடு கட்டுரை நின்றுவிட்டது. கப்பலில் வந்தவர்களைச் சொன்னால் சரி, அப்புறம்? அந்தப் பணி இந்த மண்ணில் வேரூன்றியது இங்கேயே பிறந்து அச்சபையில் சேர்ந்தவர்களால்தான். ரயில்வே வேலையை விட்டுக் குருவாகி, தமிழாராய்ச்சியிலும் பெயர் பெற்ற நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் அச்சபைத் துறவிதான். தோமஸ் அடிகளாரும் அப்படியே. அவர் 1928இல் யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபை என்ற துறவற சபையை நிறுவினார். வெளிநாட்டுச் சபையொன்றின் உறுப்பினர் இங்கே இன்னொரு சபைக்கு நிறுவுநரானதைவிட அந்த மறைபணிக்கு வேறென்ன சான்று வேண்டும்?

அந்தச் செபமாலைத் தாசர்களின் தோலகட்டி ஆச்சிரமத்து நெல்லிரசப் போத்தல் எங்கள் வீட்டு அலுமாரியில் எப்போதும் இருக்கும். இக்கட்டுரையைப் படித்த அன்று பேரப்பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன். ரசத்தின் ருசி தெரிகிறது, அடிகளாரின் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. அமலமரித் தியாகிகள் சபையின் உள்ளூர்த் துறவிகளைப் பற்றித் தாங்கள் ஒரு சிறு தொடர் வெளியிடலாம். அவர்களிடம் படித்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் நினைவுகளிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.