திட்டுவதற்கு முன் இதைக் கேள்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் எதற்கும் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லாரும் சௌக்கியம். சேகர் மறுபடியும் வேலையை விட்டுவிட்டான், வழக்கமான காரணம்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மறந்துபோன கடவுச்சொல்லை மாற்ற மின்னஞ்சலில் ஒரு இணைப்பு வருமே, அதற்கு டோக்கன் (இணைப்பில் ஒட்டியிருக்கும் ரகசிய எழுத்துத் தொடர்) தயாரிக்கும் பழைய நிரல் ஒன்று எங்கள் தலையில் விழுந்தது. டோக்கன் 64 எழுத்து, பார்க்கக் கம்பீரம்! உள்ளே போனால், ஒவ்வொரு முறையும் ரேண்டம் எண்ணுக்குச் சீடாகக் கொடுப்பது அந்த நேரத்து மில்லி செகண்டை. சீட் என்றால் ரேண்டம் எண்கள் கிளம்பும் தொடக்க எண்; அது ஒன்றென்றால் வரும் எண்களும் ஒன்றே. ஒரு நிமிடத்துக்கு மொத்தமே 60,000தானே? திருட நினைப்பவன் தன் பெயரில் ஒரு டோக்கன் கேட்டு வாங்கி, அந்த 60,000 சீடையும் தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தால் சர்வரின் கடிகாரம் பிடிபட்டுவிடும். அடுத்த நொடியே உன் பெயரில் ஒன்று கேட்பான். அப்புறம் அவன் ஊகிக்க வேண்டியது சில நூறு மில்லி செகண்டுகள்தான்.

"இதையெல்லாம் யார் சார் உட்கார்ந்து கண்டுபிடிக்கப் போகிறார்கள்?" என்றார் எங்கள் பெரியவர். 1995லேயே கண்டுபிடித்தார்கள். நெட்ஸ்கேப் உலாவி நேரத்தையும் இரண்டு பிராசஸ் எண்களையும் (ஓடும் நிரலுக்குக் கணினி தரும் அடையாள எண்) வைத்துச் சீட் போட்டதை பெர்க்லியில் கோல்ட்பெர்க், வாக்னர் என்ற இரண்டு மாணவர்கள் உடைத்துக் காட்டினார்கள். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் கதை இன்னும் மோசம். ஒரு எச்சரிக்கையை அடக்குவதற்காக ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலில் கை வைத்தார்கள். சீடில் மிஞ்சியது பிராசஸ் எண் மட்டும். ஒரே வகைக் கணினியில், ஒரே அளவில் வரக்கூடிய மறையாக்கச் சாவிகள் மொத்தமே சுமார் 32,000தான். 2006இல் நடந்தது, 2008 மே மாதம்தான் வெளியே வந்தது.

எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்த இரண்டு வருட இடைவெளிதான். டோக்கனைப் புள்ளியியல் சோதனையில் போடு, ஜம்மென்று தேறும். நிரலைத் திறந்து படித்தால் ஒழிய எதுவும் தெரியாது.

எங்களுக்குத் தீர்வு சுலபம்: சொந்தச் சீடைத் தூக்கிவிட்டு, கர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கெட்ரேண்டம் என்ற அழைப்பு வழியாக நேரே பைட்டுகளை வாங்கிவிட்டோம். கர்னலின் சீட் தயாராகும்வரை அது காத்திருக்கும். கவலை உன்னைப் பற்றித்தான். நீ செய்யும் பெட்டிகளில் டிஸ்க் இல்லை, விசைப்பலகை இல்லை, பவர் போட்டதும் கர்னலுக்குச் சேர்ந்திருக்கும் என்ட்ரோபியும், அதாவது ஊகிக்க முடியாத தற்செயல் தகவலும், சொற்பம். 2012இல் ஆய்வாளர்கள் இணையம் முழுக்கச் சாவிகளைத் திரட்டியபோது, ரவுட்டர் போன்ற கருவிகள் தங்கள் சாவிகளில் ஒரே பகா எண்ணைப் பகிர்ந்துகொண்டிருந்தது இப்படித்தான் வெளிப்பட்டது. முதல்முறை பவர் போட்டதுமே சாவி உருவாக்குகிறீர்களா? கர்னலின் இன்னொரு வழியான யூரேண்டமில் படித்தால் அது காத்திருக்காதுடா, நினைவிருக்கட்டும். பார்த்துவிட்டு உடனே எழுது, என்னைப் போல இழுக்காதே.

அன்புடன்,
ரகு