ரா அமைப்ப யாரு கேள்வி கேக்குறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். 1983 கலவரத்துக்கு அப்புறம் இலங்கைத் தமிழ் போராளிகளுக்கு வெளிநாட்டு உளவு வேல பாக்குற நம்ம நாட்டு அமைப்பான ரா ரகசியமா ஆயுதப் பயிற்சி குடுத்துச்சு, பார்லிமென்ட்ட கேக்காமதான், கொழும்புக்கு பிரஷர் குடுக்க, ஆனா 1987ல இலங்கை அரசோட ஒப்பந்தம் போட்டு அமைதிப்படைய அனுப்பி கொஞ்ச நாள்லயே அதே புலிகளோட சண்ட, நம்ம ஜவான்கள் சுமார் 1,200 பேர் செத்தாங்க, அங்க செத்த தமிழ் ஜனங்கள நெனச்சா இன்னும் வயிறு எரியுது. 1990 மார்ச்ல கடைசிப் படை வந்து எறங்குனது எங்க ராயபுரம் பக்கத்து துறைமுகத்துலதான். அமெரிக்காவுல அவங்க உளவு அமைப்பான சிஐஏவ கண்காணிக்க 1976லயே செனட் கமிட்டி போட்டுட்டாங்க. இங்க ராவுக்கு தகவல் உரிமைச் சட்டத்துலயே விலக்கு! எம்பிங்க கமிட்டி ஒண்ணு கண்டிப்பா வேணும், எங்க வடசென்னை எம்பி இத சபைல கேக்கணும்.

வாசகர், ராயபுரம்