இரண்டு ஒலிம்பிக்கிலும் ஐந்தாம் இடம்: ஒக்சானா லிவாச்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டதைப் பற்றி எழுதும்போதெல்லாம், ‘காலிறுதியில் உக்ரைன் வீராங்கனையை 7-5 என்று வீழ்த்தினார்’ என ஒரு வரி வந்துபோகிறது. அந்த வீராங்கனையின் பெயர் ஒக்சானா லிவாச். மறுநாளே அவர் வெண்கலத்துக்காக மோதினார். வினேஷ் வெளியேறியதால் அவருக்கு அடித்த அதிர்ஷ்டம் அது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

மல்யுத்தத்தில் தோற்ற எல்லோருக்கும் மறுவாய்ப்பு கிடைக்காது. இறுதிக்கு நுழைகிறவரிடம் அதற்கு முன் தோற்றவர்களுக்குத்தான் ரெபிசாஜ் சுற்று. 2024 ஆகஸ்ட் 6 அன்று 50 கிலோ பிரிவில் வினேஷ் முதலில் ஜப்பானின் யுய் சுசாகியை 3-2 என்றும், அடுத்து லிவாச்சை 7-5 என்றும், அரையிறுதியில் கியூபாவின் யுஸ்னெய்லிஸ் குஸ்மானை 5-0 என்றும் வென்றார். அந்த அரையிறுதி முடிந்த கணமே சுசாகிக்கும் லிவாச்சுக்கும் ரெபிசாஜ் உறுதியாகிவிட்டது. வினேஷ் அதில் தோற்றிருந்தால் இருவரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வழக்கப்படி ஆகஸ்ட் 7 அன்று சுசாகியும் லிவாச்சும் மோதி, வென்றவர் குஸ்மானுடன் வெண்கலத்துக்கு ஆட வேண்டும். காலை எடை பார்த்தபோது வினேஷ் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் விதிப்படி கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டார். குஸ்மான் இறுதிக்கு ஏற்றப்பட்டார். குஸ்மானின் இடம் காலியானதால் சுசாகி-லிவாச் ரெபிசாஜே வெண்கலப் போட்டியாக மாறியது. ஆக, லிவாச்சுக்கு ஒரு சுற்று குறைந்தது, அவ்வளவுதான். எதிரே நின்றவரோ டோக்கியோவில் தங்கம் வென்றவர். முந்தைய நாள் வினேஷிடம் தோற்கும் வரை வெளிநாட்டு வீராங்கனை எவரிடமும் தோற்காதவர். லிவாச் 10-0 என்று தோற்றார். வெண்கலப் போட்டியில் தோற்றவருக்கு ஐந்தாம் இடம்.

யாரும் எழுதாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று காலை லிவாச்சும் தராசில் ஏறித்தான் ஆக வேண்டும். இரண்டாம் நாள் எடை பார்ப்பது இறுதிக்குப் போகிறவர்களுக்கு மட்டுமல்ல, ரெபிசாஜ் ஆடுகிறவர்களுக்கும் உண்டு. முதல் நாள் அதற்கு 30 நிமிடம், இரண்டாம் நாள் 15 நிமிடம்தான். போட்டி உடையோடு நிற்க வேண்டும். உடைக்கென்று ஒரு கிராம்கூடக் கழிக்க மாட்டார்கள். 2018-க்கு முன் ஒரு பிரிவு ஒரே நாளில் முடிந்துவிடும், எடையும் ஒரு தடவைதான். இப்போது முதல் நாள் காலை எடை கொடுத்தபின் தண்ணீரும் சாப்பாடும் எடுக்காமல் மூன்று ஆட்டம் ஆட முடியாது. எடுத்தால் இரண்டு கிலோ வரை சுலபமாக ஏறிவிடும். அதை அன்றிரவே வியர்வையாக வெளியேற்ற வேண்டும். உடம்பில் ஏற்கெனவே நீர் வற்றியிருந்தால் எவ்வளவு ஓடினாலும் வியர்வை வராது. கடைசி 100, 200 கிராமில் மாட்டிக்கொள்வது இதனால்தான். லிவாச் தோல்விக்குப் பிறகும் அந்த இரவைக் கடந்து காலையில் எடைக்குள் வந்து நின்றார்.

10-0 என்றதும் ஒன்றுமே ஆடவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. பெண்கள் ஆடும் ஃப்ரீஸ்டைல் வகை மல்யுத்தத்தில் பத்துப் புள்ளி வித்தியாசம் வந்தால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். எதிராளியைக் கீழே தள்ளிக் கட்டுப்படுத்தினால் 2 புள்ளி. கீழே விழுந்தவரின் இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துக் கைகளால் பூட்டி, அப்படியே உருட்டி முதுகை மேட் பக்கம் காட்டவைத்தால் உருட்டலுக்கு 2. ஒரு தள்ளல், நான்கு உருட்டல், பத்துப் புள்ளி. அரை நிமிடம்கூட ஆகாது. தப்பிக்க வழி ஒன்றுதான்: பூட்டு விழுவதற்கு முன்பே கால்களை அகட்டி, ஒரு முழங்காலை மடக்கி, இடுப்பை மேட்டோடு அழுத்திவிட வேண்டும். கணுக்கால்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டால் பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை. லேசான எடைப் பிரிவுகளில் உடல்கள் வேகமாகச் சுழல்வதால் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

டோக்கியோவிலும் லிவாச் வெண்கலப் போட்டி வரை வந்து, அமெரிக்காவின் சாரா ஹில்டபிராண்டிடம் 12-1 என்று தோற்றவர். அதே ஹில்டபிராண்ட்தான் பாரிஸில் தங்கம் வென்றார். 2018-இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் லிவாச் வெண்கலம் வாங்கியபோது மேடையின் உச்சியில் நின்றவர் சுசாகி. வெள்ளி வென்ற மரியா ஸ்டாட்னிக், அஜர்பைஜானுக்காக ஆடினாலும், உக்ரைனின் லிவீவில் பிறந்தவர். இந்தக் கூட்டத்துக்கு நடுவே இரண்டு ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம் என்பதை நான் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன்.

உக்ரைனுக்கு இந்த லேசான எடையில் பழைய பெருமையும் உண்டு. பெண்கள் மல்யுத்தம் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்த 2004 ஏதென்ஸில் 48 கிலோ தங்கம் இரினா மெர்லெனிக்கு. பெய்ஜிங்கில் அதே எடையின் இரு வெண்கலங்களில் ஒன்று மெர்லெனிக்கு, மற்றொன்று ஸ்டாட்னிக்குக்கு.

எனவே ஒரு வேண்டுகோள். மல்யுத்த முடிவுகளை அச்சிடும்போது பதக்கம் வென்ற நால்வரோடு நிறுத்தாமல், வெண்கலப் போட்டிகளில் தோற்ற இருவரின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். ரெபிசாஜுக்கு யார், யாரிடம் தோற்று வந்தார்கள் என்பதையும் பக்கத்தில் ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும். அட்டவணை வாசகருக்குத் தானாகப் புரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈரோடு