புது 24-70 லென்ஸ்ல இடது ஓரம் சாஃப்ட்டா வருது, மாத்திக் குடுங்க

வணக்கம் சார்,

போன மாசம் உங்க ஷோரூம்ல வாங்குன 24-70 எஃப் 2.8 ஜூம் லென்ஸ்ல ஒரு ஓரம் மங்குதுன்னு சொன்னதுக்கு, லென்ஸ் சரியாத்தான் இருக்குன்னு உங்க சர்வீஸ் சென்டர் குடுத்த பதில என்னால ஏத்துக்க முடியல, அதான் நேரா உங்களுக்கே எழுதுறேன். 24 எம்எம்ல, அதாவது ஜூம் பண்ணாம அகலமா எடுக்குறப்ப, வலது ஓரம் முடி முடியா தெரியுது, இடது ஓரம் மங்கிப் போகுது. ரிசப்ஷன் மேடையில குரூப் ஃபோட்டோ எடுத்தா அந்தக் கோடில நிக்குறவங்க முகம் மட்டும் தெளிவில்லாம விழுது, லென்ஸ் துவாரத்த (அபர்ச்சர) சுருக்கி எஃப் 5.6 வெச்சாலும் முழுசா சரியாகல, எஃப் 8 போனாதான் சமாளிக்குது, மண்டபத்து லைட்ல எஃப் 8 வெச்சா வெளிச்சம் பத்தாம ஐஎஸ்ஓவ (சென்சாரோட சென்சிட்டிவிட்டிய) எங்க கொண்டு போய் நிறுத்தணும்னு உங்களுக்கே தெரியும்.

சும்மா சொல்லல சார். ட்ரைபாட்ல போட்டு, ஸ்டெபிலைசர ஆஃப் பண்ணிட்டு, தூரத்துல இருக்குற ஒரே கட்டடத்த கேமராவ நேரா வெச்சும் தலைகீழா திருப்பியும் எடுத்தேன், மங்கல் கட்டடத்தோட அடுத்த பக்கத்துக்கு மாறிடுச்சு. அப்போ நான் கேமராவ கோணலா வெச்சதால வந்ததுன்னு சொல்ல முடியாது. அதே கேமரா பாடில வேற லென்ஸ் போட்டா ரெண்டு ஓரமும் ஒழுங்கா இருக்கு, இந்த லென்ஸ ஃப்ரெண்டோட பாடில போட்டாலும் அதே இடது பக்கம்தான் அடி வாங்குது. இடது ஓரத்துலயே ஃபோகஸ் பண்ணா அங்க ஓரளவு தேறுது, ஆனா வலது போயிடுது. ஃபோகஸ் தளம் வளைஞ்சு வர்ற ஃபீல்ட் கர்வேச்சர்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான வரணும்? உள்ள ஏதோ ஒரு எலிமென்ட் (கண்ணாடி) சாஞ்சு உக்காந்திருக்கு, டீசென்டரிங்தான் இது.

உங்க ஆளுங்க என்னடான்னா "61 மெகாபிக்சல் பாடி சார், ஜூம் பண்ணி பாத்தா அப்படித்தான் தெரியும்"ங்கிறாங்க. சென்சார் இருக்குற குறைய காட்டும், புதுசா உண்டாக்காது, அதே சென்சார்ல வலது ஓரம் எப்படி நல்லா வருது? ரிப்போர்ட்ல "ஸ்பெசிஃபிகேஷனுக்குள்ள இருக்கு"ன்னு ஒரு வரி மட்டும் எழுதி அனுப்பிட்டாங்க. என்ன அளவு, நாலு மூலைக்கும் டெஸ்ட் சார்ட் எங்க? இவ்ளோ விலை குடுத்து 2.8 வாங்குறதே அத 2.8ல நம்பி எடுக்கத்தான்.

புது லென்ஸ பிரிச்சு அட்ஜஸ்ட் பண்ணித் தர்றோம்னா எனக்கு வேணாம். வேற பீஸ் குடுங்க, கடையிலயே என் பாடில போட்டு பாத்துட்டு எடுத்துக்கறேன், இல்லன்னா முழுப் பணத்தையும் திருப்பிக் குடுங்க. ரா ஃபைல், பில், வாரண்டி கார்டு காப்பி எல்லாம் இதோட வெச்சிருக்கேன். 15 நாளுக்குள்ள பதில் வரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடுவேன், 2019 சட்டப்படி நான் குடியிருக்குற ஊர்லயே போடலாம்.

இப்படிக்கு,
உங்க வாடிக்கையாளர்