தங்கவயல் பங்கு ஆலயச் சீரமைப்பு: நன்கொடை வேண்டுகோள்

கிறிஸ்துவில் அன்பார்ந்த பங்கு மக்களுக்கும், பிழைப்புக்காக வெளியூர் சென்றிருக்கும் எங்கள் தங்கவயல் உறவுகளுக்கும் சீரமைப்புக் குழுவின் வணக்கம்.

ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேயச் சுரங்க நிறுவனம் 1880-இல் கோலார் தங்கவயலுக்கு வந்தபின், வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் குடும்பம் குடும்பமாக இங்கே குடியேறினர். பிற்காலத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்த அவர்களின் பிள்ளைகள், ஷிப்டுக்குப் போகும் வழியில் மண்டியிட்டு எழுந்த இடம் இந்த ஆலயம்.

ஆழத்தில் பாறை வெடிக்கும்போது மேலே கட்டடங்களும் அதிர்ந்த ஊர் இது. அப்படிப்பட்ட மண்ணில் நம் ஆலயத்தின் தடித்த கருங்கல் சுவர்கள் இன்றும் நிற்பதற்கு, கற்களைப் பிணைத்திருக்கும் சுண்ணாம்புக் காரையே பெருங்காரணம் என்பது எங்கள் கருத்து. சிமென்டைப்போல் விறைத்துப் போகாத அந்தக் காரை, சிறு அசைவுக்கு இடம் கொடுக்கும். உள்ளே புகுந்த ஈரத்தையும் வெளியே விட்டுவிடும். மயிரிழை விரிசல்களைக்கூட, மழைநீரில் கரைந்து மீண்டும் உறையும் சுண்ணாம்பே நாளடைவில் ஓரளவு அடைத்துவிடும்.

இதை அறியாமல், முன்பு நாமே நல்லெண்ணத்தோடு சுவர்களின்மேல் சிமென்ட் பூசிவிட்டோம். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிட்டது. பீடத்துக்கு வலப்புறச் சுவரில் கை வைத்தால் குளிர்ச்சியாக ஈரம் ஒட்டுகிறது; விரலால் தட்டினால் பூச்சு பொள்ளென்று ஒலிக்கிறது. மேலே மங்களூர் ஓடுகள் உடைந்து, தேக்குச் சட்டங்களின் நுனிகள் உளுத்துள்ளன.

மழைக்காலத்துக்கு முன் கூரையைச் சரிசெய்ய வேண்டும். பின்னர் சிமென்ட் பூச்சைக் கல்லுக்குச் சேதமின்றிச் செதுக்கி எடுத்து, ஊறவைத்துப் பதப்படுத்திய சுண்ணாம்பால் மீண்டும் பூச வேண்டும். பொறுமையைக் கேட்கும் இந்த வேலையில் தேர்ந்த கொத்தனார்களின் கூலியே செலவில் பெரும்பகுதி.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்பும் குடும்பங்களே இங்கு மிகுதி. அவர்களால் மட்டும் இச்சுமையைத் தாங்க இயலாது என்பதாலேயே உங்கள் அனைவரிடமும் கேட்கிறோம். பணமாகவோ, ஓடாகவோ, மரமாகவோ, ஒருநாள் உழைப்பாகவோ தாருங்கள். ஒவ்வொரு நன்கொடைக்கும் ரசீது தருவோம். வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

இங்கே நடந்த திருமணம், புதுநன்மை (முதல் நற்கருணை) ஆகியவற்றின் பழைய புகைப்படங்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவற்றின் பிரதியையும் அன்புகூர்ந்து தாருங்கள். பீடத்தின் மேலுள்ள வளைவு, சிமென்ட் பூசுவதற்கு முன் எப்படி இருந்தது என்பதை அவற்றைப் பார்த்துத்தான் கொத்தனாருக்குச் சொல்ல முடியும்.