துருவை மூடிப் பூசினால் பாலம் நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

கடலோரப் பாலத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிற படம் பத்திரிகையில் வந்தால் போதும், கொஞ்ச நாளில் அந்த இடத்தில் புதுக்கலவை பூசி பெயிண்டும் அடித்துவிடுகிறார்கள். வேலை முடிந்தது என்று நாமும் விட்டுவிடுகிறோம். முடியவில்லை என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எளிதில் துருப்பிடிக்காது. சிமெண்டின் காரத்தன்மை, பிஎச் 12-க்கும் மேல், கம்பியின்மீது மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்கிக் காக்கிறது. கடல் உப்பின் குளோரைடு நுண்துளைகள் வழியே மெல்ல இறங்கி, கம்பியருகே போதிய அளவு சேர்ந்ததும் அந்தப் படலத்தை உடைக்கிறது. அப்புறம் துரு, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும் என்பதால் கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. நாம் விரிசலைப் பார்க்கும்போது சேதம் தொடங்கி வருடங்கள் ஆகியிருக்கும். எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் பகுதியில் ஆக்சிஜன் குறைவு, அங்கே துரு மெதுவாகத்தான் போகும். அலை தெறித்து நனைந்து நனைந்து காய்கிற தூண்பகுதியும், மழை கழுவாத உத்திரத்தின் அடிப்பக்கமும்தான் முதலில் கெடும்.

இப்போது அந்தப் பூச்சுக்கு வருகிறேன். பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்திப் பூசினால் சுற்றியுள்ள பழைய கான்கிரீட்டில் உப்பு அப்படியே இருக்கிறது. அதைவிட மோசம், துருப்பிடித்துக்கொண்டிருந்த இடம் தன்னை அரிக்கக் கொடுத்து பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, அதைச் சரிசெய்ததும் துரு பக்கத்தில் தொடங்கிவிடும். பூச்சின் விளிம்பை ஒட்டியே அடுத்த விரிசல் வருவது இதனால்தான். முதலில் துளையிட்டுத் தூள் எடுத்து எந்த ஆழத்தில் எவ்வளவு குளோரைடு என்று அளக்க வேண்டும், உப்பேறிய கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் கம்பிக்குப் பதிலாகத் தான் அரிபடும் துத்தநாகக் கட்டியை (ஆனோடு) வைத்தோ மின்சாரம் செலுத்தியோ கம்பியைப் பாதுகாக்க வேண்டும். செலவுதான், மறுக்கவில்லை.

புதிதாகக் கட்டும்போதே கவனித்தால் இவ்வளவு தூரம் வராது. கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டின் கனம், அதாவது கவர், இரண்டு மடங்கானால் உப்பு எட்டும் காலம் ஏறக்குறைய நான்கு மடங்காகும், அதனால் வரைபடத்தில் 50 மி.மீ. போட்டுவிட்டு, அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் நழுவி 25 மி.மீ.-யில் கான்கிரீட் போட்டால் போவது பாதி ஆயுள் அல்ல, முக்கால்வாசி ஆயுள். தண்ணீர் குறைந்த கலவை, இரும்பு உலைக்கசடோ நிலக்கரிச் சாம்பலோ சேர்த்த சிமெண்ட், கான்கிரீட்டை ஈரமாகவே வைத்து இறுகவிடும் ஒழுங்கான க்யூரிங், இவையும் வேண்டும். எபாக்சி என்ற பிசின் பூசிய கம்பி போட்டால் போதும் என்று நம்பிய அமெரிக்காவின் ஃப்ளோரிடா கீஸ் பாலங்களில் சில வருடங்களிலேயே துரு வந்தது. மெக்சிகோவின் ப்ரோக்ரெசோவில் 1940-களின் தொடக்கத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டுக் கட்டி முடித்த கடற்பாலம் இன்றும் நிற்கிறது, பிற்பாடு பக்கத்தில் சாதாரணக் கம்பியில் கட்டியது சிதைந்து கிடக்கிறது.

எத்தனை டன் தாங்கும் என்று பாலத்தில் பலகை வைக்கிறார்கள். கடைசியாக எந்த வருடம் குளோரைடு அளந்தார்கள், உப்பு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதையும் மக்கள் பார்க்கிற மாதிரி வெளியிடட்டும். அடுத்த முறை பாலம் பழுதுபார்த்த செய்தி போடும்போது உங்கள் நிருபர்கள் தயவுசெய்து இந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்கிப் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்